நோர்வேயா, டேனிஷா, சுவீடிஷா?

என் கணவரைப் பார்க்கத்தான் சிட்னிக்குப் போனேன். அவரோடு கதைப்பதற்கு நோர்வே மொழி படிப்பதா, டேனிஷ் படிப்பதா, சுவீடிஷ் படிப்பதா என்ற கேள்வி அங்கே போய் இறங்கிய பிறகுதான் வந்தது. எழுபதுகளின் நடுப்பகுதி அது. யாழ்ப்பாணத் தீவுப்பகுதியில், ஊர்காவற்றுறையில் விஞ்ஞானம் படிப்பிக்கிற ஒரு ரீச்சருக்கு வரக்கூடிய கேள்வியா இது?

அவர் பெயர் சபாநாதன். நோர்வேக்காரரின் சரக்குக் கப்பல் ஒன்றில், இயந்திர அறையில் வேலை. எங்கள் கல்யாண வாழ்க்கையின் பெரும்பகுதி கடலோடு போய்விட்டது. லீவில் வருவார், கிணற்றுக் கப்பிக்கு எண்ணெய் விடுவார், ஒரு மாம்பழக் காலம் நிற்பார், போய்விடுவார். சிட்னிக்குக் கிட்ட வரும்போது இயந்திர அறையில் மயங்கி விழுந்தார், மூளைக்குப் போகும் இரத்தக் குழாய் அடைத்துவிட்டது என்று தந்தி வந்தது. கப்பல் அவரை ஆஸ்பத்திரியில் இறக்கிவிட்டுத் தன் வழியே போய்விட்டது.

அந்த நாட்களில் சிட்னியில் தமிழ் வீடு தேடுவது வைக்கோல் போரில் ஊசி தேடுகிற வேலை. கப்பல் ஏஜென்ற் எப்படியோ ஒன்றைப் பிடித்துத் தந்திருந்தார். செவன் ஹில்ஸ் என்ற இடத்தில், தொழிற்சாலை ஒன்றில் எஞ்சினியராக இருந்த ராஜகோபாலும் அவர் மனைவி வசந்தாவும். திருநெல்வேலிக்காரர்கள். விமான நிலையத்துக்கு வசந்தாதான் வந்திருந்தாள். லைசென்ஸ் எடுத்துப் புதிது. கார் என் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடியது.

"பிரயாணம் சௌகரியமா இருந்துச்சாக்கா?"

"ஓம் பிள்ளை. சாப்பாடுதான் வாயில வைக்கேலாமல் கிடந்தது. நித்திரையும் கொள்ளேல்லை."

கியரை மாற்றினாள். பிறகு மெல்லக் கேட்டாள். "தப்பா நினைக்காதீங்கக்கா. நீங்க மலையாளமா?"

எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. "நான் கதைக்கிறது தமிழ்தான். உமக்கு விளங்காட்டில் அது மலையாளமாப் போயிடுமோ?"

"ஐயோ, கேக்க நல்லா இருக்குக்கா. அதான் கேட்டேன்," என்றாள். அவளோடு கோபிக்க முடியாது. அங்கே புளி கிடைக்காது, அன்றைக்கு எனக்காக எலுமிச்சம்பழத்தில் ரசம் வைத்திருந்தாள். இரண்டு தரம் வாங்கிக் குடித்தேன்.

மறுநாள் காலை கதவைத் திறந்து பார்த்தேன். அகலமான தெரு, வெட்டிவிட்ட புல், வரிசையாக வீடுகள். ஒரு மனிதரையும் காணவில்லை. ஒரு நாய்கூடக் குரைக்கவில்லை. ஊரில் இப்படி ஒரு தெருவைக் கண்டால் யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைப்போம். திடீரென்று மரத்திலிருந்து யாரோ அடிவயிற்றிலிருந்து சிரித்தார்கள். குலை நடுங்கிப் போனேன். "அது பறவைக்கா," என்றாள் வசந்தா. எங்கோ காடு எரிந்துகொண்டிருந்ததாம். புகைக்குள்ளே சூரியன் குங்குமப் பொட்டுப் போல நின்றது.

ஆஸ்பத்திரியில் அவர் ஜன்னலோரமாகக் கதிரையில் இருந்தார். முகம் ஒரு பக்கம் கொஞ்சம் இழுத்திருந்தது. மற்றபடி என் ஆள்தான். தலைமுடியை யாரோ மற்றப் பக்கமாக வாரிவிட்டிருந்தார்கள்.

"இஞ்சேருங்கோ," என்றேன். "நான் பரமேஸ். வந்திட்டன்."

அவர் என்னைப் பார்த்தார். முன்பின் தெரியாத பெண் ஒருத்தி அறைக்குள் வந்தால் மரியாதைக்கு அரைவாசி எழும்புவோமே, அப்படி எழும்ப முயன்றார். பிறகு கதைத்தார். குரல் அவருடையதுதான், ஆனால் ராகம் வேறு. ஏறி இறங்கி, ஊஞ்சல் மாதிரி ஆடியது. ஒரு சொல்கூட எனக்கு விளங்கவில்லை. நான் பேய் பிசாசை நம்பாதவள், பிள்ளைகளுக்கும் அப்படித்தான் படிப்பித்தவள். அன்றைக்கு அந்தக் கட்டிலடியில் என் மயிர்க்கால் எல்லாம் குத்திட்டு நின்றது. எத்தனையோ வருஷம் காத்திருந்த முகத்துக்குள்ளிருந்து வேறு யாரோ கதைத்தால் எப்படி இருக்கும்?

டாக்டர் நல்ல மனிதர், சுற்றி வளைக்கவில்லை. "தமிழும் ஆங்கிலமும் போய்விட்டன. இது ஒன்றுதான் மிஞ்சியிருக்கிறது. தினமும் இந்த மொழியில் அவரோடு பேச ஆள் வேண்டும். பேசாவிட்டால் இதுவும் போய்விடலாம். அதற்குப் பிறகு அவரை எட்டுவதற்கு வழி இருக்காது."

"இது என்ன மொழி?"

"ஏதோ ஒரு ஸ்கண்டினேவிய மொழி."

ஏதோ ஒன்றாம். நாளை முதல் அதைப் படிக்க வேண்டியவள் நான்.

அந்த வார்டில் சுவீடன் நாட்டு நேர்ஸ் ஒருத்தி இருந்தாள். அவளைக் கூட்டி வந்து கேட்க வைத்தேன். தலையைச் சாய்த்துக் கேட்டாள். "எனக்கு விளங்குகிறது. ஆனால் இது சுவீடிஷ் இல்லை. நோர்வே மொழி," என்றாள்.

"என்ன சொல்கிறார்?"

"கதவைச் சாத்து, குளிர் வருகிறது என்கிறார். யார் உள்ளே வந்தாலும் இதைத்தான் சொல்கிறார்."

வெளியே அனல் கொளுத்திக்கொண்டிருந்தது. என் சேலை முதுகோடு ஒட்டியிருந்தது. அவர் கதவையே பார்த்தபடி தோளைக் குறுக்கிக்கொண்டு இருந்தார்.

நோர்வே என்றால் நோர்வே. ஏஜென்ற் சொன்னபடி, துறைமுகத்துக்கு அக்கரையில் கடலோடிகளுக்கான சிறு வாசிகசாலை ஒன்றைத் தேடிப் போனோம். பெரிய பாலத்தின் நட்டநடுவில் வசந்தாவின் கார் நின்றுவிட்டது. பின்னாலிருந்தவர்கள் ஹோர்ண் அடிக்க, வசந்தா ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அழுதாள். லொறிக்காரன் ஒருவன் இறங்கி வந்து, முன்மூடியைத் திறந்து எதையோ தட்டிவிட்டு, "கவலைப்படாதே, கண்ணே," என்று அவளிடம் சொல்லிவிட்டுப் போனான். அக்கரை போய்ச் சேரும்வரை, அவன் சொன்னதை ராஜகோபாலிடம் சொல்வதா விடுவதா என்பதுதான் அவளுக்குக் கவலை.

வாசிகசாலையை நடத்தியவள் இங்கெர் என்ற நோர்வே மாது. மாலுமி ஒருவரின் விதவை. நாங்கள் வாய் திறப்பதற்குள் கோப்பியை ஊற்றி, வலை மாதிரிக் குழி விழுந்த ஒரு பணியாரத்தைச் சுட்டு, அதன் மேல் மண்ணிறத்தில் ஒரு சீஸைச் சீவி வைத்தாள். சீஸ் இனித்தது. எங்கள் ஊர் இனிப்பான தொதலில் உப்பைப் போட்டுவிட்டார்களோ என்று நினைத்தேன். வசந்தா கைக்குட்டைக்குள் ஒளித்துவிட்டாள். நான் முழுவதையும் தின்றேன். எனக்கு அவளுடைய மொழி வேண்டியிருந்தது.

அடுத்த நாள் இங்கெர் ஆஸ்பத்திரிக்கு வந்தாள். அவர் கதைத்தார். இங்கெர் நெற்றியைச் சுருக்கினாள். "இது எங்கள் மொழி இல்லை, அம்மா. இது டேனிஷ்."

"நேர்ஸ் நோர்வே என்றாளே?"

"சுவீடன்காரிக்கு என்ன தெரியும்? டேனிஷ்தான். கோப்பைகளைக் கழுவாமல் விட்டது யார் என்று யாரையோ ஏசுகிறார்." பிறகு அவள் குரல் தாழ்ந்தது. "இப்போது அந்த ஏச்சுக்கு அவரே பதில் சொல்கிறார். வேறு குரலில்."

அந்த வெக்கையிலே இங்கெர் தன் மேற்சட்டையின் பொத்தான்களைக் கழுத்துவரை பூட்டிக்கொண்டாள்.

திரும்பி வருகிற ரயிலில் பக்கத்தில் இருந்த வசந்தாவைப் பார்த்தேன். என்னை மலையாளம் என்றவள். எங்கள் ஊரில் யாராவது அவளுடைய பேச்சைக் கேட்டால் படத்தில் கதைக்கிறமாதிரி இருக்கிறது என்பார்கள். தன் மொழி கொஞ்சம் கோணலாகக் காதில் விழுந்தால், அதைப் பக்கத்து நாட்டுக்காரன் தலையில் கட்டிவிடுவது எல்லோருக்கும் வழக்கம்தான் போலிருக்கிறது. அப்படியானால் இவர் கதைப்பது உண்மையில் எது? கேட்க வேண்டியவர்கள் அவரோடு ஒரே மேசையில் சாப்பிட்டவர்கள். கப்பல் அந்த வாரம் மெல்பேர்ண் துறைமுகத்துக்கு வருவதாக ஏஜென்ற் சொன்னார்.

ராஜகோபாலிடம் கையடக்கமான கசெற் ரெக்கோடர் ஒன்று இருந்தது. "எடுத்துட்டுப் போங்கக்கா. பேட்டரி புதுசு போட்டிருக்கேன்," என்று தந்தார். என் கணவருடைய பேச்சை அதில் பதிந்துகொண்டு பகல் ரயிலில் மெல்பேர்ணுக்குப் புறப்பட்டேன்.

ரயிலில் எல்லோரும் இறைச்சி அடைத்த பேஸ்ற்றி ஒன்றைத் தக்காளிச் சோஸில் குளிப்பாட்டித் தின்றார்கள். எனக்கு வசந்தா கட்டித் தந்த புளியோதரை இருந்தது. அதாவது எலுமிச்சம்பழச் சோறு, பெயர்தான் புளியோதரை. பக்கத்து இருக்கைக் கிழவி நான் ஃபிஜியா என்று கேட்டாள். ஆமென்றால் பேச்சு முடியும் என்று ஆமென்றேன். அவளுடைய மருமகன் ஃபிஜியில் இருந்தவனாம். பேச்சு முடியவே இல்லை.

மத்தியானம் போல ரயில் ஓரிடத்தில் நின்றுவிட்டது. முன்னே தண்டவாளத்தில் மரம் விழுந்துவிட்டது என்றார்கள். இரு பக்கமும் எரிந்த காடு. கரிக்கட்டையான மரங்கள், அடியில் சாம்பல். தூரத்தில் ஆடுகள் நின்றன. அத்தனை ஆடுகளும் ஒரே திசையைப் பார்த்தபடி, அசையாமல். பெட்டிக்குள் பேச்சு அடங்கிவிட்டது. அந்த அமைதிக்குள்ளே என் கைப்பையிலிருந்து ஓர் ஆண்குரல் கிளம்பியது. ஏறி இறங்கி ஆடுகிற அதே குரல். பையை இறுக்கியதில் பொத்தான் அமுங்கிவிட்டிருந்தது. அவசரத்தில் எதை அழுத்துவது என்று தெரியாமல் நான் தடுமாற, அது இன்னும் உரக்கக் கதைத்தது. கிழவி எழுந்து வேறு இருக்கைக்குப் போய்விட்டாள். என் மடியில் என் புருஷனை வைத்துக்கொண்டு, அவர் வாயை மூடவைக்க வழி தெரியாமல் இருந்தேன். அழுகை வந்தது. அழுதேன்.

மெல்பேர்ணில் டிராமை மாறி ஏறி, துறைமுகத்துக்கு எதிர்த் திசையில் கடைசி நிறுத்தம்வரை போய், அதே டிராமில் திரும்பி வந்தேன். டிக்கெற் கொடுப்பவர், "ஊரைச் சுற்றிப் பார்த்தாயிற்றா?" என்று கேட்டார். ஒரு பார்வை பார்த்தேன். என் வகுப்புப் பிள்ளைகளுக்கு அந்தப் பார்வை தெரியும்.

கப்பலில் என்னைச் சாப்பாட்டு அறைக்குக் கூட்டிப் போன சமையற்காரரின் பெயர் போல். டென்மார்க்காரர், பருத்த உடம்பு. "சபாவின் மனைவியா?" என்று என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். வினாகிரியில் ஊறிய மீன் துண்டுகளைக் கறுத்த பாண் துண்டின் மேல் வைத்துத் தந்தார். மீனுக்குச் சீனி போட்டிருந்தார்கள். தீவுப்பகுதியில் பிறந்தவள் நான். மீனுக்கு இப்படி ஓர் அநியாயத்தை நான் கண்டதில்லை. ஆனாலும் பசியில் இறங்கியது.

ரெக்கோடரை மேசையில் வைத்து ஓடவிட்டேன். போல் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார். கத்தி நின்றது.

"யார் இது?"

"என் கணவர்."

"இருக்க முடியாது. சபா எங்கள் மொழி எதிலும் ஒரு சொல் பேசியதில்லை. இத்தனை வருஷமும் ஆங்கிலம்தான். அதோ அந்த மூலையில் இருப்பார். நாங்கள் பேசுவோம், அவர் சாப்பிடுவார், சிரிப்பார். அவருக்கு ஒன்றும் விளங்காது என்றுதான் நாங்கள்..."

ரெக்கோடரில் அந்த வசனம் வந்தது. கதவைச் சாத்து, குளிர் வருகிறது. போல் கதிரையில் உட்கார்ந்துவிட்டார்.

"இது லாசே," என்றார்.

லாசே நோர்வே எல்லையோரத்துச் சுவீடன்காரர், இயந்திரங்களுக்கு எண்ணெய் விடுபவர். கதவடியில்தான் அவர் இருக்கை. யார் வந்தாலும் அதைத்தான் சொல்வார். வட கடலில் பிடித்த குளிர் அவரை விடவே இல்லையாம், பூமத்திய ரேகையிலும் கம்பளிச் சட்டை போட்டிருப்பார். முந்திய வருஷம் நடுக்கடலில் செத்துப்போனார். கடலிலேயே இறக்கிவிட்டார்கள். "அவர் இழுத்துப் பேசுகிற அந்த இழுப்புக்கூட அப்படியே இருக்கிறது," என்றார் போல்.

நானும் அவரும் சேர்ந்தாற்போலக் கதவைத் திரும்பிப் பார்த்தோம். அது திறந்துதான் இருந்தது. அவர் எழுந்து போய்ச் சாத்தவில்லை. நானும் சாத்தவில்லை.

கசெற் ஓடிக்கொண்டே இருந்தது. கோப்பைகளைப் பற்றிய ஏச்சு வந்தது. போல் முதலில் சிரித்தார். பிறகு சிரிப்புப் போய்விட்டது. "இது நான்," என்றார். தன் வாயைக் கையால் பொத்திக்கொண்டார், அந்தச் சத்தம் தன் வாயிலிருந்து வருகிறதோ என்று பார்ப்பவர்போல. "நான் இப்படியா ஏசுகிறேன்?"

கேட்க வேண்டியதைக் கேட்டேன். "உங்கள் மேசையில் எந்த மொழி?"

"எந்த மொழியும் இல்லை. கப்பல் தலைவர் நோர்வே பேசுவார், நான் டேனிஷ், லாசே சுவீடிஷ். அவரவர் தன்னுடையதைப் பேசுவார், மற்றவர் கேட்பார். ஒருவன் மொழியை மற்றவன் படிக்கிற வழக்கம் எங்களிடம் இல்லை."

"அப்படியென்றால் நான் எதைப் படிப்பது?"

போல் கத்தியை எடுத்தார், திரும்ப வைத்தார். சொல்ல அவருக்கு மனமில்லை என்பது முகத்தில் தெரிந்தது. "நோர்வே," என்றார் கடைசியில். "டேனிஷ் எழுத்தில் அழகு. பேசினால் எங்கள் தாய்மார்கூட ஊகித்துத்தான் விளங்கிக்கொள்வார்கள். நோர்வே நடுவில் நிற்கிறது. இரண்டு பக்கத்துக்கும் கேட்கும்."

ஆனால் என் பயம் இப்போது அது இல்லை. அவருக்குள் லாசே இருக்கிறார், போல் இருக்கிறார், கப்பல் தலைவர் இருக்கிறார். என் ஆள் இருக்கிறாரா? போல் என் முகத்தைப் பார்த்தே விளங்கிக்கொண்டார்.

"அவரிடம் கேள்வி ஒன்று கேளுங்கள்," என்றார். "உங்களைப் பற்றியது. லாசேக்கு உங்களைத் தெரியாது. எனக்கும் இன்றுவரை தெரியாது. எங்கள் மேசையில் யாரும் சொல்லாத பதில் ஒன்று வந்தால், அது சபாதான்."

சிட்னிக்குத் திரும்பிய நாளிலிருந்து இங்கெரிடம் பாடம். நாக்கைச் சுழற்றி, உதட்டைக் குவித்து, ஏறி இறங்கிப் பாடிப் பாடிப் படித்தேன். பிழை விட்டால் இங்கெர் கரண்டியால் மேசையில் தட்டுவாள். நான் என் பிள்ளைகளுக்குச் செய்த அத்தனையும் எனக்கு வட்டியோடு கிடைத்தது. வசந்தாவும் கூட வந்து இருந்து, என்னைவிட நன்றாகச் சொன்னாள். எனக்கு எரிச்சலாக இருந்தது.

பாடம் முடிந்து ஆஸ்பத்திரிக்குப் போவேன். அவர் கதைப்பது நாளுக்கு நாள் குறைந்துகொண்டு வந்தது. நான் படித்து முடிக்க இன்னும் எவ்வளவு நாள் என்று டாக்டர் வாயால் கேட்கவில்லை, பார்வையால் கேட்டார். ஒருநாள் பொறுக்கமாட்டாமல் தமிழிலேயே பிலாக்கணம் வைத்தேன். வீட்டுக் கதை, கிணற்றுக் கதை, அவருடைய தம்பி காணி எல்லையில் செய்த கூத்து எல்லாம். மழைச் சத்தம் கேட்பவர்போலக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டார்.

இனித் தாமதிக்க முடியாது என்று இங்கெரையும் கூட்டிக்கொண்டு போனேன். பின்னேரம். ஜன்னலுக்கு வெளியே நாய்க்குட்டி அளவு வௌவால்கள் கூட்டம் கூட்டமாகப் புறப்பட்டுப் போய்க்கொண்டிருந்தன. அவருக்கு முன்னால் கதிரையைப் போட்டு இருந்தேன். படித்து வைத்த வசனத்தை நோர்வே மொழியில் சொன்னேன்.

"நான் உங்கள் மனைவி. என்னோடு வீட்டுக்கு வருகிறீர்களா?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். வந்த நாளிலிருந்து முதல் முறையாக, ஒரு மனிதன் இன்னொரு மனிதரைப் பார்க்கிற மாதிரி. மெதுவாகப் பதில் சொன்னார். அந்தக் குரலில் இழுப்பில்லை, ஏச்சில்லை. லீவு முடிந்து போகும்போது வாசலில் நின்று சொல்வாரே, அந்தக் குரல்.

இங்கெர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவள் கையைப் பிடித்து உலுக்கினேன். "என்ன சொன்னார்?"

"'நீங்கள் தவறாக நினைத்துக்கொண்டீர்கள். என் மனைவி ஊர்காவற்றுறையில் இருக்கிறாள். அவள் ரீச்சர். இந்த மொழி அவளுக்குத் தெரியாது.'"

அது அவர்தான். மேசையில் யாரும் சொல்லாத பதில். உள்ளே இருக்கிறார், பத்திரமாக இருக்கிறார், என்னையும் வைத்திருக்கிறார். சந்தோஷத்தில் அவர் காலைப் பிடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. பிடிக்கவில்லை, அன்னியப் பெண் ஒருத்தி அப்படிச் செய்தால் கூசிப்போவார்.

இங்கெர் கண்ணைத் துடைத்துக்கொண்டு தேத்தண்ணி வாங்கப் போய்விட்டாள். நாங்கள் இருவரும் இருந்தோம். பேசாமல் இருப்பது அவருக்குச் சங்கடமாக இருந்திருக்க வேண்டும். எனக்கு விளங்கும்படி சொல் சொல்லாக நிறுத்தி, மோதிர விரலைக் காட்டிக் கேட்டார்.

"உங்களுக்குக் கணவர் இருக்கிறாரா?"

"இருக்கிறார்."

"எங்கே?"

எனக்குத் தெரிந்த சொற்கள் கொஞ்சம்தான். அவற்றுக்குள் தேடினேன். "கடலில்," என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். கடலைப் பற்றித் தெரிந்தவர் ஆட்டுகிற ஆட்டு. பலவீனமான வலது கையை இடது கையால் தூக்கி, என் கைக்குக் கிட்ட, தொடாமல், கதிரைச் சட்டத்தின் மேல் வைத்தார்.

"வருவார்," என்றார். "நாள் எடுக்கும். ஆனால் வருவார்."

அந்த மொழியில் யாருடைய உதவியும் சைகையும் இல்லாமல் எனக்கு முழுதாக விளங்கிய முதல் வசனம் அது.